போர்வீரனின் காயத்தை இலக்கியத்தில் எப்படிப் படிப்பது? தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காலை உணவு நேரம். போருக்குப் போய்த் திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் வேலை எதுவும் தேடாமல் வீட்டில் கிடக்கும் மகனிடம், உனக்காக நாளெல்லாம் ஜெபிக்கிறேன் என்று தாய் சொல்கிறாள். மகன் பதில் சொல்லவில்லை. தன் தட்டில் பன்றிக்கொழுப்பு உறைந்து இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எர்னெஸ்ட் ஹெமிங்வே 1925-இல் வெளியிட்ட 'சோல்ஜர்ஸ் ஹோம்' என்ற சிறுகதையில் வரும் காட்சி இது. துப்பாக்கியோ பதுங்குகுழியோ இல்லாத இந்த இடம், அந்த இளைஞனுக்குள் என்ன நின்றுபோனது என்பதைப் பல பக்கப் போர்க்கள வருணனையை விடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

போர் இலக்கியத்தைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் களக் காட்சிகளைத் தேடிப் போகிறார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எந்த ஊர் பிடிபட்டது, குண்டு எங்கே விழுந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். அவை வரலாற்று நூலில் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். போர் ஒரு வீரனை என்ன செய்தது என்பதை நல்ல எழுத்தாளர்கள் வேறொரு இடத்தில் வைத்தே சொல்லியிருக்கிறார்கள்: அவன் பேச வேண்டிய நேரத்தில் பேச முடியாமல் போவதில், அல்லது பேசியதெல்லாம் பொய்யாகிப் போவதில். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்கான வழியையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் முதல் உலகப் போர் (1914–1918) பற்றிய எழுத்திலிருந்து எடுத்திருக்கிறேன். பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் பெருந்தொகையாகக் களத்துக்குப் போய், தாங்களே எழுதவும் செய்த போர் அது. வீரர்களின் மனக் காயத்துக்கு மருத்துவம் ஒரு பெயரைத் தேடி அலைந்த போரும் அதுவே.

முதல் படி: சிறியதிலிருந்து தொடங்குங்கள்

ஆயிரம் பக்க நாவலைக் கையில் எடுக்க வேண்டாம். மேலே சொன்ன சிறுகதையை எடுங்கள். ஒரே அமர்வில் படித்துவிடலாம். அடுத்து, வில்ஃபிரட் ஓவன் எழுதிய 'டுல்சே எட் டெகோரும் எஸ்ட்' என்ற இருபத்தெட்டு வரிக் கவிதை. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பிறகு எரிக் மரியா ரெமார்க்கின் ஜெர்மன் நாவல். ஆங்கிலத்தில் 'ஆல் க்வயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' என்று பெயர். நான்காவதாக வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலவே'. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வுல்ஃபை முதலில் எடுத்தவர்கள் இருபது பக்கம் போவதற்குள் புத்தகத்தை மூடிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். குறை வாசகரிடமும் இல்லை, வுல்ஃபிடமும் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது.

ஒவ்வொன்றையும் இரு முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக. எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் முறை பென்சிலோடு.

இரண்டாம் படி: இரண்டு ஆண்டுகளையும் ஒரு சொல்லையும் எழுதி வையுங்கள்

நூலின் முதல் பக்கத்தில், கதை நிகழும் ஆண்டையும் அது எழுதப்பட்ட ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். எழுதியவர் அப்போது எங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவன் தன் கவிதையை 1917 அக்டோபரில், எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் நோயாளியாக இருந்தபோது எழுதத் தொடங்கினார்; பிறகு களத்துக்குத் திரும்பி, போர் நிறுத்தத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். ரெமார்க் 1917-இல் காயம்பட்டார். அவருடைய நாவல் புத்தகமாக வந்தது 1929-இல். வுல்ஃப் களத்தையே பார்க்காதவர். 1923-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் லண்டனில் நடப்பதாக எழுதிய நாவலை 1925-இல் வெளியிட்டார். மருத்துவமனைப் படுக்கையில் எழுதியதற்கும் பல ஆண்டுகள் மனத்தில் ஊறவைத்து எழுதியதற்கும் வெளியே நின்று பார்த்து எழுதியதற்கும் குரல் வேறாகத்தான் இருக்கும். எது உண்மைக்கு நெருக்கமானது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். களத்துக்கே போகாத வுல்ஃப் கண்ட சில விஷயங்கள், போனவர்கள் கண்ணில் படவில்லை.

குறிக்க வேண்டிய சொல், அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு என்ன பெயர் இருந்தது என்பது. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ எழுத்துக்குள் வந்தது. அருகில் குண்டு வெடித்த அதிர்வு நரம்பைத் தாக்குகிறது என்பது முதலில் இருந்த ஊகம். குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே போகாதவர்களும் பேச்சிழந்தும் நடுங்கியும் வந்தபோது ஊகம் தடுமாறியது. சொல் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. இன்று நாம் சுருக்கமாக பிடிஎஸ்டி என்று சொல்லும் பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது. ஆகவே 1925-ஆம் ஆண்டுக் கதாபாத்திரத்தின் மேல் அந்தப் பெயரை ஒட்டிவிட்டு அவனைப் புரிந்துகொண்டதாக நினைத்துவிடக் கூடாது. பெயர் இல்லாமல் தவிப்பதே அவனுடைய துன்பத்தில் பாதி. அதே போரில் களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 வீரர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஒரு நோய்க்குப் பெயர் கிடைக்காத காலத்தில் அது குற்றம் என்ற பெயரைப் பெற்றுவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: உடல் என்ன செய்கிறது என்று பாருங்கள்

இரண்டாம் வாசிப்பில் 'சோகம்', 'வேதனை' போன்ற சொற்களை அடிக்கோடிட வேண்டாம். கை, கண், தூக்கம், சாப்பாடு ஆகியவற்றைப் பற்றிய வரிகளை மட்டும் குறியுங்கள். ஓவனின் கவிதையை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வீரர்கள் மூட்டை சுமக்கும் கிழட்டுப் பிச்சைக்காரர்களைப் போலக் கூனிக் குறுகி, கிழவிகளைப் போல இருமியபடி, சேற்றில் நடந்து வருகிறார்கள். பலர் பூட்ஸைத் தொலைத்துவிட்டு, ரத்தமே காலணியாக நொண்டுகிறார்கள். விஷவாயுக் குண்டு விழுகிறது. எல்லாரும் தட்டுத் தடுமாறி முகமூடியை மாட்டிக்கொள்ள, ஒருவனுக்கு மட்டும் நேரம் போதவில்லை. முகமூடியின் மங்கலான கண்ணாடி வழியாக, பச்சைக் கடலுக்கு அடியில் ஒருவன் மூழ்குவதைப் பார்ப்பதுபோல் அவனைச் சொல்பவன் பார்க்கிறான்.

இங்கே சற்று நின்று கவிதையின் அமைப்பைப் பாருங்கள். முதல் பத்தி எட்டு வரி, இரண்டாவது ஆறு வரி. அடுத்து இரண்டே வரிகள் தனியாக நிற்கின்றன. கடைசிப் பத்தி பன்னிரண்டு வரி. தனித்து நிற்கும் அந்த இரண்டு வரிகளில், என் கனவுகள் எல்லாவற்றிலும் அவன் மூச்சுத் திணறி மூழ்கியபடி என்மேல் வந்து பாய்கிறான் என்கிறான் சொல்பவன். அதுவரை இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருந்த வினைச்சொல் இங்கே நிகழ்காலத்துக்கு மாறிவிடுகிறது. அதோடு, முந்தைய பத்தியை முடித்து வைத்த 'மூழ்குதல்' என்ற சொல்லே இங்கும் வரியை முடிக்கிறது. வரி முடிவின் இயைபுக்கு வேறு சொல் தேடாமல் அதே சொல்லோடு அதே சொல்லை இணைத்திருக்கிறார் ஓவன். யாப்பில் தேர்ந்த ஒரு கவிஞர் சொல் கிடைக்காமல் இப்படிச் செய்யவில்லை. மனம் அந்த ஒரு காட்சியைத் தாண்டிப் போக மறுக்கிறது என்பதை யாப்பே செய்து காட்டுகிறது. களத்தில் ஒரு நொடியில் நடந்து முடிந்தது, தூக்கத்தில் முடிவதே இல்லை.

கவிதையின் தலைப்பும் முடிவும் ரோமானியக் கவிஞர் ஹோரஸின் வரி: தாய்நாட்டுக்காக இறப்பது இனியது, தகுவது. அதைப் பழைய பொய் என்கிறார் ஓவன். விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணாய்க் கழிந்த நாளாக எண்ணுவான் வீரன் என்று படைச்செருக்கு அதிகாரத்தில் (குறள் 776) படித்து வளர்ந்த நமக்கு, ஓவன் எதன்மேல் கை வைக்கிறார் என்பது எளிதில் விளங்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி நான் சொல்லவில்லை. அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: ஒரு பொருளைப் பின்தொடருங்கள்

ரெமார்க்கின் நாவலில் ஒரு ஜோடி பூட்ஸ் வருகிறது. மென்மையான மஞ்சள் தோலில், முழங்கால் வரை கயிறு கட்டி இறுக்கும் ஆங்கிலேயப் பூட்ஸ். அது கெம்மரிஹ் என்ற வீரனுடையது. மருத்துவமனையில் அவனைப் பார்க்க நண்பர்கள் போகிறார்கள். அவனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பிழைக்க மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. உடன் வந்த ம்யுல்லரின் கண் பூட்ஸ் மேலேயே இருக்கிறது. நீ இதை எடுத்துக்கொண்டு போகப் போகிறாயா என்று கேட்டுவிடுகிறான். கதைசொல்லியான பால் அவன் காலில் மிதித்து அடக்குகிறான்.

முதல் வாசிப்பில் ம்யுல்லர் இரக்கமற்றவனாகத் தெரிவான். பால் அப்படி நினைக்கவில்லை. கெம்மரிஹுக்கு அந்த பூட்ஸ் பயன்படுமானால், அதை எடுப்பதை விட ம்யுல்லர் முள்கம்பி மேல் வெறுங்காலோடு நடப்பான். பயன்படாது என்பதால் கேட்கிறான், அவ்வளவுதான் என்கிறான். எது தேவை, எது தேவையில்லை என்ற கணக்கு மட்டும் மிஞ்சி மற்றதெல்லாம் உதிர்ந்துபோன மனம் அது. பிறகு கெம்மரிஹ் இறக்கிறான். பூட்ஸ் ம்யுல்லரிடம் போகிறது. ம்யுல்லர் வயிற்றில் சுடப்பட்டு இறக்கிறான். பூட்ஸ் பாலிடம் வருகிறது. எனக்குப் பிறகு உனக்குத்தான் என்று த்யாடன் என்ற நண்பனுக்கு பால் வாக்குக் கொடுத்திருக்கிறான். தோல் கிழியவில்லை, அளவும் எல்லாருக்கும் பொருந்துகிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கப் பொருள் மட்டும் நிலைத்திருக்கிறது என்பதை ரெமார்க் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. பூட்ஸ் வரும் பக்கங்களையெல்லாம் குறித்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் தானாகத் தெரியும். எந்தப் போர் நாவலிலும் இப்படி ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். கடிதம், கரண்டி, கைக்கடிகாரம் என எதுவாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் படி: வீரன் பொய் சொல்லும் இடங்களைப் பிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதே நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் பால் விடுப்பில் வீட்டுக்கு வருகிறான். தெருவில் டிராம் வண்டி கிறீச்சிடுவது, பாய்ந்து வரும் குண்டின் ஓசைபோல் கேட்டு அவனைத் திடுக்கிட வைக்கிறது. மகன் சீருடையிலேயே வெளியே வர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஊர்ப் பெரியவர்கள் பீரும் சுருட்டும் கொடுத்து உட்கார வைத்து, எந்தெந்த நிலப்பகுதியை ஜெர்மனி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குப் பாடம் நடத்துகிறார்கள். தன் அறையில், முன்பு ஆசையாய் வாங்கி அடுக்கிய புத்தகங்களுக்கு முன்னால் அவன் உட்கார்ந்து காத்திருக்கிறான், அவை பழையபடி தன்னோடு பேசும் என்று. பேசவில்லை. முதல் முறை படிக்கையில் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பள்ளிக்கூட மாணவனாகப் போரில் சேர்ந்த ஒருவன் எதை இழந்தான் என்பது இந்த அலமாரிக்கு முன்னால்தான் முழுமையாகத் தெரிகிறது என்று இரண்டாம் முறைதான் பிடிபட்டது.

அடுத்து அவன் கெம்மரிஹின் தாயைப் பார்க்கப் போகிறான். என் மகன் எப்படி இறந்தான் என்று அவள் கேட்கிறாள். உடனே உயிர் போய்விட்டது, வலி இல்லை என்கிறான் பால். அவள் நம்பவில்லை, உனக்குப் புனிதமான எல்லாவற்றின் மேலும் சத்தியம் செய் என்கிறாள். செய்கிறான். கெம்மரிஹ் மெல்ல மெல்ல இறந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் அவன். எனக்குப் புனிதமானது என்று இனி என்ன இருக்கிறது என்று அப்போது அவனுக்குள் ஓடும் நினைப்பு, போர் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதன் அளவைச் சொல்லிவிடுகிறது.

ஹெமிங்வேயின் கதையில் பொய் வேறு விதமாக வேலை செய்கிறது. கதை நாயகன் கிரெப்ஸ் 1919 கோடையில் தாமதமாக ஊருக்கு வருகிறான். வரவேற்பு விழாக்கள் எல்லாம் முடிந்துவிட்டன. முதலில் அவனுக்குப் பேசப் பிடிக்கவில்லை. பேச விரும்பியபோது கேட்க ஆளில்லை, ஏனென்றால் ஊர் அதற்குள் பயங்கரமான கதைகளை நிறையக் கேட்டுவிட்டது. காது கொடுக்க வைப்பதற்காக அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் செய்ததையும் கண்டதையும் தன்னுடையதாகச் சொல்லும் சின்னச் சின்னப் பொய்கள்தான். அந்தப் பொய்களால், உண்மையில் தனக்கு நேர்ந்தவற்றின் மேலேயே அவனுக்கு ஓர் அருவருப்பு வந்துவிடுகிறது. தான் ஒழுங்காக, நிதானமாக நடந்துகொண்ட நேரங்களின் நினைவு அவனுக்குள் ஒரு குளிர்ந்த தெளிவாக இருந்தது, அதையும் இழக்கிறான். தாய் கேட்கிறாள்: உனக்கு உன் அம்மாவின் மேல் அன்பில்லையா? இல்லை என்கிறான். யார் மேலும் இல்லை என்கிறான். அவள் அழுததும், அப்படிச் சொல்ல வரவில்லை என்று மழுப்புகிறான். கதையில் அவன் சொன்ன ஒரே உண்மையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடியும் பொய்க்குப் போகிறான் என்பதே என் வாசிப்பு. மறுப்பவர்களும் உண்டு.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பொய்க்கும் மூன்று கேள்வி எழுதுங்கள்: யாருக்காகச் சொன்னான், கேட்டவர் நம்பினாரா, சொன்ன பிறகு அவனிடம் என்ன மிஞ்சியது? பாலின் பொய் ஒரு தாய்க்காக, கிரெப்ஸின் பொய் ஓர் ஊருக்காக என்பது இந்த மூன்றுக்கும் விடை எழுதும்போது துலங்கும்.

ஆறாம் படி: மருத்துவர் பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள்

'மிஸஸ் டாலவே' நாவலில் செப்டிமஸ் என்ற முன்னாள் வீரன் வருகிறான். போர் முடியும் தறுவாயில், இத்தாலியில், அவனுடைய நெருங்கிய நண்பரான அதிகாரி எவன்ஸ் இறந்தபோது, பெரிதாக எதுவும் உணராமல் இருக்க முடிந்ததே என்று தன்னையே மெச்சிக்கொண்டவன். ஐந்தாண்டுகள் கழித்து, லண்டன் பூங்காவில் எவன்ஸ் நடந்து வருவது அவன் கண்ணுக்குத் தெரிகிறது. இத்தாலியப் பெண்ணான அவன் மனைவி ரேசியா என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறாள். டாக்டர் ஹோம்ஸ் வந்து பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். தன் எடை பதினொரு ஸ்டோன் ஆறு பவுண்டிலிருந்து அரைப் பவுண்டு குறைந்தாலும் மனைவியிடம் இன்னொரு தட்டு ஓட்ஸ் கஞ்சி கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர் அவர். மனக் காயத்துக்கும் அவர் கைவசம் இருப்பது கஞ்சிதான். அடுத்து வரும் சர் வில்லியம் பிராட்ஷா இரண்டு மூன்று நிமிடத்தில் நோயின் தீவிரத்தைக் கண்டுகொள்கிறார். ஆனால் 'சமநிலை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவனை மனைவியிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்பப் பார்க்கிறார். ஹோம்ஸ் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டதும் செப்டிமஸ் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறான். கதவைத் திறந்து பார்த்த ஹோம்ஸின் வாயிலிருந்து முதலில் வருவது 'கோழை' என்ற சொல். இரண்டாம் படியில் சொன்ன 306 பேர் நினைவுக்கு வருகிறார்களா?

உண்மையான மருத்துவர்கள் எல்லாரும் ஹோம்ஸ் அல்ல. கிரெய்க்லாக்கார்டில் சீக்ஃபிரீட் சசூன் என்ற கவிஞருக்குச் சிகிச்சை தந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரியைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாகியிருக்கும். 1901–02-இல் உதகைப் பக்கம் தங்கி, தோடர்களின் உறவுமுறையையும் பால்மாடச் சடங்குகளையும் ஆராய்ந்து 1906-இல் பெரிய நூலாக வெளியிட்டவர் இவரேதான். தோடர் குடும்பங்களின் வம்சாவளியைப் பொறுமையாகக் கேட்டு எழுதிய அந்தக் காது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நடுங்கும் அதிகாரிகளுக்கு முன்னால் அமர்ந்தது. போர் நினைவை அடக்கி வைக்கச் சொல்வது நோயாளிக்குத் தீங்கு என்று 1918-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அதே நேரம், குணமான வீரனை மீண்டும் களத்துக்கு அனுப்புவதுதான் அவருக்கு இடப்பட்ட பணி என்பதையும் மறக்கக் கூடாது. போரை எதிர்த்து 1917-இல் பகிரங்க அறிக்கை வெளியிட்டதால் அங்கே அனுப்பப்பட்ட சசூனும் களத்துக்குத் திரும்பினார். மேலும், கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை. சாதாரணச் சிப்பாய்க்கு ரிவர்ஸ் போன்றவர் கிடைப்பது அரிது. லண்டனில் வேறொரு மருத்துவமனையில், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த சிகிச்சையும் அதே ஆண்டுகளில்தான் நடந்தது.

ஏழாம் படி: யார் எழுதவில்லை என்று கேளுங்கள்

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இந்தியச் சிப்பாய்களும் போரிட்டார்கள். பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அந்தத் தணிக்கை அறிக்கைகளில் மொழிபெயர்க்கப்பட்டுக் கிடக்கும் பகுதிகள் வழியாகவே அவர்களுடைய குரல் நமக்கு வருகிறது. சிலர் மறைமொழியில் எழுதினார்கள்: இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகு பயன்படுகிறது என்பதுபோல. கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் ஆங்கிலேயர் என்று புரிந்துகொள்ளத் தணிக்கையாளருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. கிரெப்ஸுக்குப் பேச்சு உள்ளிருந்து அடைபட்டது; இவர்களுக்கு வெளியிலிருந்து.

சந்திரதர் சர்மா குலேரி 1915-இல் இந்தியில் எழுதிய 'உஸ்னே கஹா தா' சிறுகதையை இங்கே கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அமிர்தசரஸ் கடைவீதியில் ஒரு சிறுமியைச் சந்தித்த பையன் லெஹ்னா சிங், பல ஆண்டுகள் கழித்து, அவள் கணவனையும் மகனையும் காப்பாற்றிவிட்டுப் பதுங்குகுழியில் உயிர் விடுகிறான். கடைசியில், களத்தில் காயங்களால் இறந்தவர் பட்டியலில் அவன் பெயரை மக்கள் நாளிதழில் ஒற்றை வரியாகப் படிக்கிறார்கள். ரெமார்க் பதினான்கு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட நாவலும் ராணுவ அறிக்கையின் ஒற்றை வரியில்தான் முடிகிறது. அதுவரை 'நான்' என்று பேசிவந்த பால், கடைசிப் பத்தியில் 'அவன்' ஆகிவிடுகிறான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு எழுத்தாளர்கள் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் படித்தால் அதன் கனம் தெரியும்.

இடையில் ஒரு மாற்று மருந்தும் தேவை. எர்ன்ஸ்ட் யுங்கர் என்ற ஜெர்மன் அதிகாரி பதினான்கு முறை காயம்பட்டவர். 1920-இல் வெளியிட்ட களக் குறிப்புகளில் போரை வெறுப்பவராகத் தெரியவில்லை, சில பக்கங்களில் மயங்கியவராகவே தெரிகிறார். போருக்குப் போனவர் எல்லாரும் உடைந்து திரும்புவார்கள் என்ற முடிவோடு படித்தால் படைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியத் தொடங்கிவிடும். அப்படித் தெரிய ஆரம்பித்தால் யுங்கரை எடுங்கள்.

எட்டாம் படி: நம் அலமாரிக்குத் திரும்புங்கள்

இவ்வளவுக்குப் பிறகு முல்லைப்பாட்டைப் பிரித்தால் நூற்று மூன்று வரிகளுக்குள் வேறொரு பாட்டு தெரியும். பாசறையில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. வேல் பாய்ந்த புண் முற்றித் தம் பிடிகளை (பெண் யானைகளை) மறந்த யானைகளை நினைக்கிறான்; அம்பு தைத்ததால் 'செவி சாய்த்து, உண்ணாது உயங்கும் மா' பற்றி நினைக்கிறான். காதைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாமல் நிற்கும் குதிரைக்கும், தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கிரெப்ஸுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? புறநானூறு 281-ஆம் பாட்டில் அரிசில் கிழார் காட்டும் வீட்டில், புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்கத் தோழியை அழைக்கிறாள் மனைவி: வீட்டில் வேம்பும் இரவமரத் தழையும் செருகி, ஐயவி (வெண்கடுகு) சிதறி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை காட்டி. புண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாருடையது என்ற கேள்வியை ரேசியாவுக்கு வெகுகாலம் முன்பே இந்தப் பாட்டு எழுப்பிவிட்டது.

நவீனத் தமிழில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) நாவலிலிருந்து தொடங்கலாம். தென்கிழக்காசியாவில் வட்டிக்கடை வேலையை விட்டு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போன செல்லையா திரும்பி வரும்போது, பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனிக் கடைக்கும் தன் மகளுக்கும் ஒத்துவர மாட்டான் என்று முதலாளி முடிவு செய்துவிடுகிறார். அங்கே காயம் வீரனுக்குள் மட்டும் இல்லை, அவனைப் பார்ப்பவர் கண்ணிலும் இருக்கிறது. ஈழப் போரில் பங்கெடுத்தவர்களே எழுதியவை தனித் தொகுதியாகவே படிக்கத் தக்கவை: இயக்க முகாமுக்குள் நடந்த கொடுமைகளைச் சொன்ன கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' (1985), குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு', 'விடமேறிய கனவு', தமிழினி மறைந்த பின் 2016-இல் வெளிவந்த 'ஒரு கூர்வாளின் நிழலில்'. இவற்றை அரசியல் சாட்சியங்களாக மட்டும் படித்து வாதிடும் பழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. அந்த வாதங்கள் நடக்கட்டும். உடல், பொருள், பொய் என்ற மூன்று குறிப்புகளோடு ஒரு முறையாவது படித்துவிட்டு வாதத்துக்குப் போங்கள்.

இவை கனமான நூல்கள். நாளொன்றுக்கு முப்பது நாற்பது பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் ராணுவத்திலோ இயக்கத்திலோ இருந்து திரும்பியவர் யாராவது இருந்தால், படித்த சூட்டில் அவரிடம் போய்க் கேள்வி கேட்க வேண்டாம். அவரே பேசினால் கேளுங்கள், பேசவில்லை என்றால் காப்பி குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, முதலில் படித்த ஹெமிங்வே கதையின் முதல் பக்கத்தை மட்டும் மறுபடி எடுங்கள். இரண்டு புகைப்படங்களைப் பற்றிய விவரம் இருக்கிறது. ஒன்று கல்லூரியில் எடுத்தது. எல்லாரும் ஒரே உயரமும் ஒரே பாணியும் கொண்ட கழுத்துப்பட்டை அணிந்திருக்கிறார்கள். மற்றொன்று ரைன் நதிக்கரையில், இன்னொரு சிப்பாயோடும் இரண்டு ஜெர்மன் பெண்களோடும் எடுத்தது; சீருடை அவர்கள் உடம்புக்குச் சின்னதாகத் தெரிகிறது. முதல் வாசிப்பில் அநேகமாக யாரும் நிற்காத ஒரு சிறு வாக்கியம் அதன் பின்னால் வருகிறது: அந்தப் படத்தில் ரைன் தெரியவில்லை.